அணைக்கலாகாப் பொறி

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரையடுத்துச் செர்ன் என்னும் ஆராய்ச்சிக்கூடம் உளது. அங்கு ஆய்ந்த பன்னாட்டு அறிஞரின் குறிப்புகள், ஒன்றோடொன்று ஒவ்வாத கணிப்பொறிகளில் சிதறிக் கிடந்தன. இக்குறை களைய 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார். ஓர் ஏட்டிலுள்ள சொல்லைச் சுட்டியால் தட்டினால், அதனோடு இணைத்த வேறோர் ஏடு, அஃது எப்பொறியில் இருப்பினும், கண்முன் வந்து நிற்கும். இதுவே உலகளாவிய வலை.

1990-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வலை முழுவதையும் தாங்கி நின்றது அவரது கரிய கணிப்பொறி ஒன்றே. எவரேனும் அறியாது அதனை அணைப்பின், வலையே அவிந்துபோம்! ஆதலின், அணைக்கலாகாது என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார்.

1993 ஏப்ரல் 30-ஆம் நாள், அம்மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்தாளலாமெனச் செர்ன் அறிவித்தது. கட்டணம் வேண்டியிருப்பின், வலை சில ஆய்வுக்கூடங்களைக் கடந்திருக்குமோ என்பது ஐயமே.