கோணல் யாருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

காஞ்சிபுரத்துச் சேலைகளையும் கோயில் சுவர்களையும் ஆவணமாகப் படம்பிடிக்கப் போவதாகவும், எந்த லென்ஸ் வாங்கலாம் என்றும் எழுதியிருந்தாய். கையில் இருப்பதே போதும். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உன் கேமராவுக்குள் சென்சார் நேராக உட்கார்ந்திருக்கிறதா?

எந்தத் தொழிற்சாலையாலும் சென்சாரைக் கேமராவின் அடித்தட்டுக்கு நூல் பிசகாமல் இணையாகப் பொருத்திவிட முடியாது. கல்யாணப் படத்தில் அந்தப் பிசகு யார் கண்ணிலும் படாது. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 0.1 டிகிரி திரும்பியிருந்தால், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் சுமார் 10 பிக்சல் ஏற்ற இறக்கம் வரும். கேமராத் திரையில் தெரியும் மின்மட்டத்தை நம்பிவிடாதே. அது தனக்குள் இருக்கும் ஈர்ப்பு உணரியின் மட்டத்தைச் சொல்கிறதே தவிர, சென்சாரின் மட்டத்தை அல்ல.

கோர்வைச் சேலையில் இது வெறும் கணக்கு விஷயமில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடா ஓட்டி நெய்து கோக்கப்படுகின்றன. இரண்டும் சேரும் கோடு எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதில்தான் நெசவாளியின் கைத்திறன் தெரியும். ஐந்தரை மீட்டர் சேலையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது, ஒவ்வொரு துண்டும் 0.2 டிகிரி சாய்ந்திருந்தால் ஒட்டும் இடந்தோறும் கரை படிபோல இறங்கும். நாளைக்கு அந்தப் படத்தைப் பார்ப்பவர் உன் கேமராவைக் குறை சொல்ல மாட்டார். தறியில் உட்கார்ந்தவரைத்தான் சொல்வார்.

அளப்பது எளிது. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்கு. காற்றில்லாத அறையில் தொங்கவிட்டு, குண்டு ஆடாமல் இருக்க அதை ஒரு வாளித் தண்ணீரில் முங்கவிடு. கேமராவை முக்காலியில் மாட்டி, அதன் அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தால் பார். ரசமட்டத்தையே திருப்பி வைத்தும் ஒருமுறை பார், அதுவும் பொய் சொல்லும். நூல் படத்தின் நட்டநடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் லென்ஸின் வளைவும், கேமரா அண்ணாந்திருப்பதால் வரும் சரிவும் கணக்கில் கலந்துவிடும். நடுவில் விழுந்தால் இரண்டும் தொந்தரவு செய்யாது. பிறகு படத்தைப் பெரிதாக்கி, நூலின் மேல்நுனியும் கீழ்நுனியும் எத்தனை பிக்சல் விலகியிருக்கின்றன என்று எண்ணு. 4000 பிக்சல் உயரத்தில் 14 பிக்சல் விலகினால் 0.2 டிகிரி. கேமராவைக் கழற்றி மாட்டி, அணைத்துப் போட்டு, மறுபடி மறுபடி எடு. எண் மாறாமல் வந்தால் கோணல் கேமராவினுடையது. ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால் முக்காலியையும் திருகையும் சந்தேகி.

கைநடுக்கம் போக்க சென்சாரே அசையும் கேமராக்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே சென்சார் மிதக்கிறது, திரும்பவும் செய்யும். 2009இல் வந்த பென்டாக்ஸ் கே-7 சாய்ந்த தொடுவானத்தைத் தானே சென்சாரைத் திருப்பி நேராக்கியது. சுற்றுலாப் பயணிக்கு அது வரம், ஆவணம் எடுப்பவனுக்குத் தலைவலி. முக்காலியில் நிற்கும்போது அந்த வசதிகளை அணைத்துவிடு.

கோயில் சுவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி சி. மீனாட்சி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. மணற்கல் தேய்கிறது. பழைய படங்களின்மேல் உன் படத்தைப் பொருத்தி, எந்த முகம் எவ்வளவு அழிந்தது என்று ஒருவர் பார்க்க வேண்டுமானால், உன் கோணம் தெரிந்தாக வேண்டும். ஒளிப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மரக் கேமரா, காகித நெகடிவ், சரிசெய்ய மென்பொருள் கிடையாது. கல்வெட்டு வரி ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து ஓட வேண்டுமே! அவருடைய பொறுமைக்கு முன் நம் சிரமமெல்லாம் ஒன்றுமில்லை.

பட்டுக்குத் திரும்புகிறேன். பாவும் ஊடையும் ஒரு கட்டம், பிக்சல்கள் இன்னொரு கட்டம். இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், சேலையில் இல்லாத பட்டைகள் படத்தில் வரும். சாய்வு 0.2 டிகிரி என்றால் ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 290 இழை தூரம் இருக்கும். 5 டிகிரி என்றால் 11 இழைதான். அகலமான பட்டைதான் ஆபத்து. சாயம் சீராகப் பிடிக்கவில்லை, பாவில் குறை என்று யாரும் சொல்லிவிடலாம். எனவே ஒவ்வொரு துணியையும் நேராக ஒன்று, கேமராவை நாலைந்து டிகிரி திருப்பி ஒன்று என்று எடு. பட்டை மாறினால் அது கேமரா போட்ட கோலம். மாறாமல் நின்றால் தறியில் விழுந்த குறை.

முப்பரிமாண மாதிரிக்காகப் பல கோணங்களில் எடுக்கும்போது இந்த அளவீடு அவ்வளவாகத் தேவைப்படாது. ஒவ்வொரு படமும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அந்த மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். சென்சார் திரும்பாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அது வேறு நோய்: படத்தின் ஒரு ஓரம் மங்கும். பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

கணினியில் நேராக்கிவிட்டால் போகிறது என்று நினைக்காதே. அப்படித் திருப்பும்போது ஒவ்வொரு பிக்சலும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு புதிதாகக் கணக்கிடப்படுகிறது. ஜரிகையின் மெல்லிய இழைதான் முதலில் மங்கும். மூலக் கோப்பைத் திருப்பாமல் வை, நேராக்கியதைத் தனிப் பிரதியாக வை. கோப்புக்குள் கேமரா எழுதும் திசைக் குறிப்பு நிமிர்ந்ததா படுத்ததா என்று மட்டுமே சொல்லும், 0.2 டிகிரிக்கு அதில் இடமில்லை. ஆகவே கேமரா எண், லென்ஸ், அளந்த தேதி, கோணம், இடமா வலமா என்பதை நீயே நோட்டில் எழுதி, ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு நகல் போடு.

ஆயிரத்து இருநூறு வருடம் நின்ற தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். உன் கேமராவின் கோணலைக் கழித்த பிறகும் மிஞ்சுவது அந்தத் தூணுடைய சாய்வு. அதை நிமிர்த்த உனக்கு உரிமை கிடையாது.

காஞ்சியின் கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே எழுதிப் போடு. அனுமதி வருவதற்குள் தூக்குக்குண்டு வேலையை முடித்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்