கிட்டாரில் எழுதிய சொல்

பாடற்குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவரை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர் பின்வரிசையில் நிற்பார். அவர் எழுப்பும் ஒலியும் மற்ற ஒலிகளுக்கு அடியில் அடங்கி நிற்கும். ஆயினும் கருவி பெரியது. ஒரு நல்ல நோக்கத்திற்காக அதை அழகுபடுத்த விரும்பினால் எதை எழுதலாம், எப்படி எழுதலாம் என்று ஆராய்வோம்.

இதில் நமக்கு வழிகாட்டுவோர் இரு அமெரிக்கப் பாடகர்கள். ஒருவர் உட்டி கத்ரி (1912–1967). புழுதிப் புயலாலும் வறட்சியாலும் ஊரைவிட்டு வெளியேறிய உழவர்களின் துயரைப் பாடியவர். இரண்டாம் உலகப் போரின்போது அவர் தம் கிட்டாரின் முகப்பில், 'இந்த இயந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்ற பொருள்பட எழுதி வைத்தார். இட்லரும் முசோலினியும் உலகை அச்சுறுத்திய நாட்கள் அவை. பூ இல்லை, கொடி இல்லை, வெறும் எழுத்துக்கள்தாம். 1943ஆம் ஆண்டு நிழற்படத்தில் அவற்றை இன்றும் காணலாம்.

அவருடன் சேர்ந்து பாடிய நண்பர் பீட் சீகர் (1919–2014). அவருடைய கருவி பாஞ்சோ. நம் பறையைப் போன்ற வட்டச் சட்டத்தில் தோல் கட்டி, அதன்மேல் தந்திகள் பூட்டியது. அத்தோலில் அவர் எழுதியதன் பொருள், 'இந்த இயந்திரம் பகையைச் சூழ்ந்து நின்று சரணடையச் செய்யும்' என்பது. நண்பர் மனிதரைக் குறித்து எழுதினார். இவர் மனிதருக்குள் இருக்கும் பகையைக் குறித்து எழுதினார். 'கொல்லும்' என்ற சொல் மறைந்துவிட்டது. அச்சொற்களை அவர் தோலின் விளிம்பை ஒட்டி வட்டமாகவே எழுதினார். சூழ்ந்து நிற்கும் என்று சொல்லும் வாக்கியம் தானும் சூழ்ந்து நிற்கிறது! எந்த வண்ணப் படத்தையும்விட இதுவே நம் மனத்தைக் கவர்கிறது.

சரி, வண்ணம் பூசினால் ஒலி கெடாதா? சாதாரணக் கிட்டாரில் கெடக்கூடும். அதன் மெல்லிய மேற்பலகை அதிர்ந்துதான் ஒலி பெருகுகிறது. தடித்த பூச்சு அந்த அதிர்வை மந்தமாக்கும். பாஸ் கிட்டாரின் நிலை வேறு. 1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த வகையில் உடல் கெட்டியான மரம். எஃகுத் தந்தி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே பெருக்கியின் வழியாக ஒலியாகிறது. ஆகையால் உடலின்மேல் பூசும் வண்ணம் ஒலியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

முதலில் தந்திகளைக் கழற்ற வேண்டும். பழைய பூச்சை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு வண்ணம் பூசலாம். காந்தங்கள், தந்தி தாங்கும் பாலம், விரற்பலகை ஆகியவற்றில் தூரிகை படவே கூடாது. நன்கு உலர்ந்தபின் மேலே ஒரு கை வார்னிஷ் அடிக்கலாம். வலக்கையால் வாசிப்பவரின் முன்கை உரசும் இடத்தில் எழுத்து நெடுநாள் நிலைக்காது. அதை விட்டுத் தள்ளியே எழுத வேண்டும். வாக்கியமோ நான்கைந்து சொற்களுக்கு மேற்படலாகாது. வாசிப்பவர் பின்வரிசையில் அல்லவா நிற்கிறார்!