உயர்மலை ஏறுவார்க்குரிய உடையும் கருவியும்

குளிர் என்பது தனியே ஒரு பொருளன்று. வெப்பத்தின் குறைவையே குளிர் என்கின்றோம். பௌதிக நூலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாகிய இவ்வுண்மையைத் தேர்வுத்தாளில் எழுதிவிடுதல் எளிது. ஆயினும் கம்பளி சூடு தரும் என்றே நாம் அனைவரும் பேசி வருகின்றோம். கம்பளியினிடத்துச் சூடு யாதும் இல்லை. பனிக்கட்டி விற்போர் அதனை மரத்தூளில் புதைத்துச் சாக்கினாற் சுற்றிவைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அச்சாக்கு பனிக்கட்டியைச் சுடுவதில்லை, புறத்து வெப்பம் உட்புகாமற் காக்கின்றது. அவ்வாறே உடையும் அகத்து வெப்பம் வெளியேறாமற் காப்பதன்றி வேறொன்றும் செய்வதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடம்பே. இமயச் சிகரங்களை நாடுவோர் எதனை அணிய வேண்டும், எதனைத் தள்ள வேண்டும் என்னும் ஆராய்ச்சி முழுவதும் இவ்வொன்றன் விரிவேயாம்.

உயரம் செல்லச் செல்ல இரு துன்பங்கள் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை பாகை குறைகின்றது; இது ஒன்று. எவரெஸ்ட் உச்சியில், அதாவது 29,032 அடியில், காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் மூன்றிலொரு பங்கேயாதலால், பிராணவாயு போதாமல் உடம்பாகிய அடுப்பே மந்தமாக எரிகின்றது, பசியும் கெடுகின்றது. இது மற்றொன்று. புறத்தே குளிர் மிகும் இடத்தில் அகத்தே வெப்பம் குறைகின்றது. ஆகவே சமவெளிக் குளிருக்குப் போதிய உடை ஆங்குப் போதாது.

வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் பொருள்களுள் அசையாத காற்றுக்கு நிகரானவை மிகச் சில. கம்பளியும் பஞ்சும் தூவியும் பயன்படுவது அவற்றின் இழைகளால் அன்று. இழைகளினிடையே அவை சிறைப்படுத்தும் காற்றினாலேயாம். இதனை மலையேற்றத்திற்கு முதன்முதல் நன்கு பயன்படுத்தியவருள் ஒருவர் ஜார்ஜ் பின்ச் என்னும் இரசாயன அறிஞர். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவினர் கம்பளியும் கபர்டினும் அணிந்து சென்றபோது, இவர் மட்டும் ஆகாயக் கூண்டுக்குரிய துணியால் நீண்ட அங்கி ஒன்று தைப்பித்து, அதனுள் ஐடர் என்னும் வாத்தின் மென்தூவியை நிரப்பிக்கொண்டார். உடன் சென்றோர் எள்ளி நகைத்தனர். குளிர்ந்த காற்று வீசத் தொடங்கியபின் அந்நகைப்பு அடங்கிற்று. அவ்வாண்டு மே 27ஆம் நாள் அவரும் ஜியாபிரி புரூஸும் பிராணவாயுவின் துணைகொண்டு 27,300 அடி வரை ஏறினர். இன்று எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் யாவரும் அணியும் தூவியங்கிக்கு மூதாதை அவ்வங்கியே. (நெடுநல்வாடை பயின்றோர், வாடைக்காலத்தில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி இடப்பட்டிருந்ததை நினைவு கூர்வர், தூவியின் பெருமையை நம் முன்னோரும் அறியாதவரல்லர்.) பின்ச் 1924ஆம் ஆண்டுக் குழுவிற் சேர்க்கப்படவில்லை. அறிவு மிக்கார் சொல் அவைக்கு ஏறாதிருத்தல் மலையிலும் உண்டு போலும். பிற்காலத்தில் அவர் புனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் தலைவராக நம் நாட்டிலே பணியாற்றினார்.

1924 ஜூன் 4ஆம் நாள் பிராணவாயுக் குப்பியின்றி 28,126 அடியை எட்டிய நார்ட்டன் தாம் உடுத்திருந்தவற்றை எழுதி வைத்திருக்கின்றார். கம்பளி உள்ளாடை, தடித்த பிளானல் சட்டை, இரண்டு ஸ்வெட்டர்கள், அவற்றின்மேல் காற்றுப் புகாத கபர்டின் உடை, கழுத்தில் ஒரு பெரிய மப்ளர். உதகமண்டலத்திற்குச் செல்லும் கனவான் ஒருவருடைய பெட்டியில் இவற்றுட் பெரும்பாலன இருக்கும்! எனினும் இவ்வுடையை இகழ்தல் தகாது. அதே ஆண்டு மறைந்த மல்லோரியின் உடல் 1999 மே 1ஆம் நாள் 26,760 அடி உயரத்திற் கண்டெடுக்கப்பட்டபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாகிய மெல்லிய பல அடுக்குகள் அதன்மேல் காணப்பட்டன. அவற்றைப் போலவே நெய்து தைத்த உடையை 2006இல் கிரகாம் ஹாய்லண்ட் என்பவர் எவரெஸ்ட் சரிவில் அணிந்து பார்த்து, அஃது இலேசாகவும் இயங்குதற்கு எளிதாகவும் இருக்கக் கண்டார். தடித்த உடை ஒன்றினும் மெல்லிய உடை பல நன்று. அடுக்கிற்கும் அடுக்கிற்கும் இடையே காற்றுத் தங்கும், வேண்டுங்கால் ஒன்றைக் கழற்றவும் கூடும். ஆனால் ஏறிக்கொண்டிருப்பவனுக்குப் போதுமான உடை, புயலால் தடைப்பட்டு அமர்ந்திருப்பவனுக்குப் போதாது. நடக்கும் நேரத்தை எண்ணியன்றி, நிற்க நேரும் நேரத்தை எண்ணியே உடை தேர்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

நார்ட்டனுடன் அன்று ஏறியவர் ஸாமர்வெல். இவர் பெயரை நம் நாட்டார்க்கு அறிமுகம் செய்தல் மிகை. 1922ஆம் ஆண்டுப் பயணத்தின்பின் நெய்யூர் மருத்துவமனைக்கு வந்து, அங்கு நோயாளர் கூட்டத்தைக் கண்டு, தம் வாழ்நாளை அப்பணிக்கே அளித்த மருத்துவர் இவர். அவ்வுயரத்தில் வறண்ட குளிர்காற்றை இடைவிடாது விழுங்கியதால் அவருடைய தொண்டையின் உட்சவ்வு கெட்டு, இறங்கும்போது பெயர்ந்து மூச்சை அடைத்தது. தம் மார்பைத் தாமே இரு கைகளாலும் அழுத்தி இருமி, அதனை வெளித்தள்ளி உயிர் பிழைத்தார். உடலின் புறத்தைப் போர்த்த உடை மூச்சின் வழியைப் போர்க்கவில்லை. வாயையும் மூக்கையும் துணியால் மூடிச் செல்லுதல் அழகுக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி ஈரத்தைப் பற்றிச் சொல்லுவோம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. உடையில் ஈரம் ஏறின் சிறைப்பட்ட காற்று நீங்கி, அவ்விடத்தில் நீர் அமர்கின்றது. மழையினும் பனியினும் வியர்வையே பெரும்பகை. ஏறும்போது வியர்த்து, நிற்கும்போது உறைவர். நமக்கு உயிர்போன்ற பருத்தி ஆங்கு உள்ளாடையாதற்குச் சிறிதும் ஏற்றதன்று. வியர்வையைக் குடித்து விடாது வைத்துக்கொள்ளும். கம்பளியும் இக்காலத்துச் செயற்கை இழைகளும் நனைந்தும் ஓரளவு பயன்படும். தூவியோ நனைந்தால் கட்டியாகிப் பயனற்றுப் போம். 1969இல் பாப் கோர் கண்ட சவ்வுத்துணி, ஆவியை வெளியே விட்டு நீரை உள்ளே விடாதது ஆதலின், இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் எவ்வுடை அணியினும் வியர்க்கும் முன்னரே ஒன்றைக் களைந்துவிடும் பழக்கத்திற்கு மாற்று இல்லை.

காலணியின் வரலாறு மிகச் சுவையுடையது. பழைய பூட்ஸின் அடித்தோலில் வழுக்காதிருத்தற் பொருட்டு இரும்பாணிகள் அறையப்பட்டன. இரும்பு வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆதலின் ஒவ்வோர் ஆணியும் பாதத்தின் சூட்டைப் பனிக்கு இறைக்கும் ஒரு வாய்க்காலாயிற்று. 1953ஆம் ஆண்டுக் குழுவினருக்கென உச்சிப்பகுதிக்குத் தனியே செய்யப்பட்ட பூட்ஸில் ஆணி இல்லை. அடிப்பகுதி நுண்ணறைகள் நிறைந்த ரப்பர், மேற்பகுதியில் ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புக்கு நிரப்பியது நம் இலவம்பஞ்சு! கால்வியர்வை அப்பஞ்சினுட் செல்லாதவாறு உட்புறம் நீர்புகாத் துணியும் இட்டிருந்தனர். இத்துணை அறிவோடு செய்த பூட்ஸும் காப்பாரின்றேல் பயனில்லை. 27,900 அடியில் கடைசி இரவைக் கழித்த ஹிலரி, நனைந்த தம் பூட்ஸைக் கழற்றி உறக்கப்பைக்கு வெளியே வைத்தார். விடியலில் அவை கல்லாய் உறைந்திருந்தன. பிரைமஸ் அடுப்பில் வாட்டி வளைப்பதற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். அளவிலும் கருத்து வேண்டும்: இறுகிய பூட்ஸ் இரத்தவோட்டத்தைத் தடுக்கும், இரத்தம் செல்லாத விரலுக்கு எவ்வுறையும் சூடு தாராது.

கையுறையைப் பற்றி ஒரே நிகழ்ச்சி போதும். 1950 ஜூன் 3ஆம் நாள் ஹெர்ஸாகும் லாஷனாலும் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். அதுவரை மனிதர் ஏறிய சிகரங்களுள் அதுவே உயர்ந்தது. இறங்கும்போது ஹெர்ஸாக் பையைத் திறக்கும் பொருட்டுக் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டோடின. பையில் மாற்றுக் காலுறை இருந்தது. அதனைக் கையில் மாட்டலாம் என்னும் எளிய எண்ணம் அவருக்குத் தோன்றவே இல்லை. பிராணவாயுக் குறைவு அறிவை மயக்குவது இவ்வாறே. விரல்களிற் பெரும்பாலானவற்றையும் கால்விரல்கள் யாவற்றையும் அவர் இழந்தார். கையுறையிரண்டையும் கயிற்றாற் பிணைத்துத் தோளில் இட்டுக்கொள்ளுதல் சிறு பிள்ளைகளுக்குச் செய்வது என நகைப்பார் நகைக்கட்டும்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. புதுப்பனி தன்மேல் விழும் ஊதாக்கடந்த கதிர்களிற் பெரும்பங்கைத் திருப்பி எறியும். பாறைமேல் செல்கையில் அதனைக் கழற்றிய நார்ட்டன் அன்றிரவே பார்வையிழந்து, பல மணி நேரம் குருடராய்க் கிடந்தார். பனிக்கோடரிக்கும் மணிக்கட்டுக்கும் வார் ஒன்று வேண்டும். அன்றைய இறக்கத்தில் ஸாமர்வெல்லின் கோடரி கை நழுவிச் சரிவிற் போயிற்று.

இத்துணையும் உச்சியை நோக்கிச் சென்றோர் செய்தி. சுமை தூக்கிச் சென்றோர் உடையையும் கேட்டல் முறை. 1924ஆம் ஆண்டுக் குழுவில் மான்பகதூர் என்பவர் பூட்ஸ் செப்பனிடும் பணியினர். பிறர் பாதங்களைக் காத்த அவருடைய பாதங்கள் இரண்டும் கணுக்கால் வரை உறைந்தன. நிமோனியா கண்டு இறந்தார். குழுவின் உடைக்கணக்கை எழுதுவோர் முதலிற் சுமையாட்களின் பூட்ஸை எண்ணிப் பின்னரே தலைவனுடைய தூவியங்கியை எண்ணுதல் வேண்டும். எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் அணிந்திருந்த காலுறை அவர் மனைவியார் பின்னியது; ஸ்வெட்டர் ஹிமாலயன் கிளப்பின் ஹெண்டர்சன் அம்மையார் ஈந்தது; கம்பளித் தலைக்கவிப்பு 1947இல் உடன் சென்ற டென்மன் விட்டுச் சென்றது; சிவப்புக் கழுத்துத்துணி சுவிஸ் நண்பர் லாம்பேர் தந்தது.

டார்ஜீலிங்கில் 1954இல் நிறுவப்பெற்ற இமாலய மலையேற்றப் பள்ளியிலோ, உத்தரகாசியிலுள்ள நேரு பள்ளியிலோ பயில விழையும் மாணவர் சிலர் நம்மிடையே இருக்கக்கூடும். கருவிகளிற் பலவற்றை ஆங்கே இரவலாகப் பெறலாம். பூட்ஸை மட்டும் கூடுமாயின் சொந்தமாகவே வாங்குக. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, மலையில் அணியும் தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் தடையின்றி அசைந்தால் மட்டுமே கொள்க. புறப்படுமுன் ஒரு திங்களேனும் அதனோடு நடந்து பழகுக. கல்லூரி மைதானத்தில் வெயிலிற் பூட்ஸணிந்து சுற்றுவாரைக் கண்டு பிறர் நகைப்பராயின், பின்சையும் நகைத்தனர் என்று சொல்லி நடையைத் தொடர்க.