புதிய டெப்லட்டுக்கு மேலதிகப் பணம் கொடுக்கலாமா?



கடந்த மாதம் எனது கடைக்கு ஒரு டெப்லட் வாங்க வேண்டியிருந்தது. பழையதற்கு வயதாகிவிட்டது. பெட்டரி பகல் வரைக்கும் தாங்குவதில்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் நாலைந்து கடைகள் ஏறி இறங்கினேன். எங்கு போனாலும் ஒரே பேச்சுத்தான். "ஹாஜியார், பழைய மொடல் மலிவு. ஆனால் கொஞ்சம் கூடப் போட்டால் புது மொடல் எடுக்கலாம்." அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது என்ன என்பதைத்தான் இந்த வாரம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

களுபோவிலயில் எனக்குக் காகிதாதிப் பொருட்களும் பிளாஸ்டிக் சாமான்களும் விற்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. 24 ஆயிரம் ரூபா என்பது பெரிய கம்பனிகளுக்குத் தூசு. எனக்கோ அது ஒரு வாரத்துக் கொள்முதலில் ஒரு பங்கு. உங்களில் பலரது நிலையும் இதுவாகத்தான் இருக்கும்.

மலிவாக வாங்கிப் பட்ட பாடு

முதலில் எனது தவறைச் சொல்லிவிடுகிறேன். 2017 இல் ஒரு கடையில் 'கழிவு விலை' என்று போட்டிருந்த டெப்லட் ஒன்றை வாங்கினேன். புத்தம் புதிய பெட்டி, பாதி விலை. கடன் கொப்பியை அதற்கு மாற்றினேன். கென்டீன்காரர், டியூட்டரி நடத்துபவர், சில்லறைக் கடைக்காரர் என்று யார் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான்.

இரண்டு வருடம் போனது. கணக்கு எழுதும் மென்பொருளின் புதிய பதிப்பு அந்த டெப்லட்டில் ஏறவில்லை. பழைய பதிப்பு திறந்தது, எழுதவும் முடிந்தது. ஆகவே நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் இணையத்தில் பிரதி சேமிக்கும் வேலை நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் காலை பார்த்தால் பெட்டரி ஊதி, திரை பிதுங்கி நிற்கிறது. அதன் பிறகு அது உயிர் பெறவில்லை. கடைசி நான்கு மாதக் கடன் கணக்கு போய்விட்டது. எனது மதிப்பில் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா.

பெரும்பாலானோர் நேர்மையாக வந்து, "நான் இவ்வளவு தர வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் தான் ஏற்கனவே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் கொடுத்திருக்கவும் கூடும். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பதினைந்து வருடப் பழக்கம் அன்றோடு கசந்துபோனது. பணம் பிறகு வந்து சேர்ந்தது. அந்த மனிதர் இன்றுவரை எனது கடைப் படி ஏறவில்லை.

அந்த டெப்லட்டின் விலை குறைந்ததற்குக் காரணம் அதன் ஆயுளில் பாதி ஏற்கனவே கழிந்திருந்ததுதான். பெட்டி புதிது, மாதிரி பழையது. நான் வாங்கிய தேதியைப் பார்த்தேன், அது முதன்முதலாகச் சந்தைக்கு வந்த தேதியைப் பார்க்கவில்லை.

அப்பிள் ஐபேட் தரும் பாடம்

இதை விளங்கிக்கொள்ள உலகமே அறிந்த ஓர் உதாரணத்தை எடுப்போம். அப்பிள் நிறுவனம் ஐபேட் 2 ஐ 2011 மார்ச்சில் வெளியிட்டது. 2012 மார்ச்சில் மூன்றாவது ஐபேட் வந்தது. திரை மிகத் தெளிவானது, அமெரிக்க விலை 499 டொலர். அதே நாளில் ஐபேட் 2 இன் விலையை 399 டொலராகக் குறைத்துத் தொடர்ந்து விற்றார்கள். வித்தியாசம் 100 டொலர்.

இந்த இரண்டுக்கும் புதிய இயங்கு மென்பொருள் ஒரே நேரத்தில்தான் நின்றது. 2016 செப்டெம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 10 இரண்டிலுமே ஏறவில்லை. அதாவது 2012 மார்ச்சில் 100 டொலர் கூடக் கொடுத்தவருக்கு நல்ல திரை கிடைத்தது, ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. போதாக்குறைக்கு, எட்டு மாதம் கூட ஆகுமுன்னர், 2012 நவம்பரில், நான்காவது ஐபேட் அதே 499 டொலருக்குக் கடைக்கு வந்தது. அதற்கு 2017 செப்டெம்பர் வரை காலம் கிடைத்தது.

இப்போது வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2012 மார்ச்சில் ஐபேட் 2 வாங்கியவர்: 399 டொலர், நாலரை வருடம். வருடத்துக்கு சுமார் 89 டொலர்.

அதே நாளில் மூன்றாவது ஐபேட் வாங்கியவர்: 499 டொலர், நாலரை வருடம். வருடத்துக்கு சுமார் 111 டொலர்.

2012 நவம்பரில் நான்காவது ஐபேட் வாங்கியவர்: 499 டொலர், ஏறக்குறைய ஐந்து வருடம். வருடத்துக்கு சுமார் 100 டொலர்.

ஐபேட் 2 ஐ 2014 தொடக்கம் வரை அதே 399 டொலருக்கு விற்றார்கள். அப்போது வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டரை வருடம். வருடத்துக்கு சுமார் 160 டொலர்.

முதலாமவரும் கடைசியானவரும் வாங்கியது ஒரே சாமான், ஒரே விலை. ஒருவருக்கு அது நால்வரிலும் மலிவு, மற்றவருக்கு நால்வரிலும் விலை. ஆகவே 'பழைய மாதிரி மலிவு' என்பதும் 'புதிய மாதிரிதான் இலாபம்' என்பதும் இரண்டுமே அரைகுறைப் பேச்சு. மிச்சமிருக்கும் ஆயுளால் விலையைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

பொறுத்திருந்தால் விலை குறையுமா?

சிலவேளை குறையும். 2022 ஒக்டோபரில் பத்தாம் தலைமுறை ஐபேட் 449 டொலருக்கு வந்தது. முந்திய ஒன்பதாம் தலைமுறை 329 டொலருக்கு அதன் பக்கத்திலேயே விற்பனையானது. 2024 மே மாதத்தில் புதியதன் விலை 349 டொலராக இறங்கியது. 2025 மார்ச்சில் அடுத்த மாதிரி அதே 349 டொலருக்கு, இரு மடங்கு கொள்ளளவான 128 கிகாபைட்டுடன் வந்தது. பொறுத்தவருக்கு 100 டொலர் மிச்சம்.

ஆனால் நாம் செலவழிப்பது டொலர் அல்ல, ரூபா. 2022 தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. 'புது மாதிரி வரட்டும், இதன் விலை இறங்கும்' என்று அப்போது காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது? மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி, மே மாதத்தில் டொலர் 360 ரூபாவையும் தொட்டது. வெளிநாட்டில் இறங்கிய விலை இங்கே ஏறியது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. எனவே இறக்குமதிச் சாமானில் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. தேவை இன்றே இருந்தால், நாளைய விலையை நம்பி இன்றைய வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். தேவை இல்லையென்றால், எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

எனது கணக்கு

இனி எனது விடயத்துக்கு வருகிறேன். மூன்று விலைகள் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அ. பழைய மாதிரி. சந்தைக்கு வந்து மூன்று வருடம். 72 ஆயிரம் ரூபா. கம்பனி வாக்களித்த பாதுகாப்பு மேம்படுத்தலில் மிச்சம் இரண்டு வருடம். வருடத்துக்கு 36 ஆயிரம்.

ஆ. புதிய மாதிரியின் சாதாரண வகை. 96 ஆயிரம் ரூபா. மிச்சம் நாலு வருடத்துக்கு மேல், நான் நாலு என்றே எடுத்தேன். வருடத்துக்கு 24 ஆயிரம்.

இ. அதே புதிய மாதிரி, சிம் போடும் வசதி, கூடிய கொள்ளளவு. 138 ஆயிரம் ரூபா. அதே நாலு வருடம். வருடத்துக்கு 34,500.

முதலில் 'இ' யை வெட்டினேன். எனது டெப்லட் கடையை விட்டு வெளியே போவதில்லை. கடையில் வை-பை இருக்கிறது. 42 ஆயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்து நான் பாவிக்காத வசதியை ஏன் வாங்க வேண்டும்? பாடசாலைத் தவணை தொடங்கும் சீசனில் அந்த 42 ஆயிரத்துக்கு அப்பியாசக் கொப்பி எடுத்து, 15 வீதம் வைத்து, மூன்று தடவை முதலைப் புரட்டினால் 18,900 ரூபா மொத்த இலாபம். வாகனத்தில் ஊர் ஊராக ஓர்டர் எடுக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். அவருக்கு சிம் இல்லாத டெப்லட் வெறும் பலகை.

அடுத்து 'அ' வும் 'ஆ' வும். வித்தியாசம் 24 ஆயிரம். நாலு வருடத்துக்கு 'அ' என்றால் இரண்டு தடவை வாங்க வேண்டும். 144 ஆயிரம். 'ஆ' என்றால் 96 ஆயிரம். மிச்சம் 48 ஆயிரம், வருடத்துக்கு 12 ஆயிரம். மறுபக்கம், அந்த 24 ஆயிரத்தைச் சரக்கில் போட்டால் அதே சீசனில் 10,800 ரூபா மொத்த இலாபம். கடைச் செலவு அதிலிருந்து போக வேண்டும். சரக்கு தேங்கினால் அதுவும் இல்லை. ஆக இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

தராசு இப்படி நடுவில் நின்றபோது எனக்கு 2017 இன் டெப்லட் ஞாபகம் வந்தது. அதில் இருந்தது எனது கடன் கொப்பி. அந்தக் கொப்பியில் இருந்தது மனிதர்களின் வாக்கு. மென்பொருள் நின்றுபோன இயந்திரத்தில் அதை மறுபடி வைக்க மனம் வரவில்லை. 'ஆ' வை எடுத்தேன்.

பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னது வேறு

இதைக் கேட்டு போதனா வைத்தியசாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளர் கட்டில் விற்பவர். "நானா, நானும் புதுசையே எடுக்கட்டுமா?" என்றார்.

"என்னத்துக்கு வாப்பா உங்களுக்கு டெப்லட்?" என்று கேட்டேன்.

"ஸ்டோரில் கிடக்கிற சாமான்களைப் படத்தில் காட்டி, விலை சொல்ல. பில் எல்லாம் கம்பியூட்டரில்தான்."

அவருக்குப் பழைய மாதிரியே போதும் என்றேன். அது ஒரு பட அல்பம். நாளைக்கே அது பழுதானாலும் அவருக்குப் போவது சாமான் மட்டும்தான், கணக்கு அல்ல. படங்கள் கணினியில் இருக்கின்றன. அந்த 24 ஆயிரத்துக்கு அவர் இரண்டு நாற்காலி கூட வாங்கி வைக்கலாம். அவர் அப்படியே செய்தார். ஒரே தெரு, ஒரே இரண்டு மாதிரிகள், இரண்டு வேறு விடைகள். இரண்டும் சரியானவை.

வாங்கப் போகுமுன் கேட்க வேண்டியவை

1. இந்த மாதிரி முதன்முதலாக எப்போது வெளிவந்தது? பாதுகாப்பு மேம்படுத்தல் எந்த வருடம் வரை? விற்பனையாளர் சொல்வதோடு நிற்காமல் கம்பனியின் இணையத்தளத்தில் பாருங்கள்.

2. நான் இப்போது பாவிக்கும் கணக்கு மென்பொருள் இதில் ஓடுமா? உங்கள் சரக்குப் பட்டியலைக் கையில் கொண்டு போய், கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தட்டிப் பாருங்கள். வேகத்தில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், அந்த வேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

3. பழைய மாதிரியின் சார்ஜர், உறை, ஸ்கேனர் புதியதற்குப் பொருந்துமா? வாய் மாறியிருந்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.

4. சொன்ன விலை வற் உட்பட்டதா? உத்தரவாதம் யாருடையது, கம்பனி முகவருடையதா, கடையினுடையதா? சிம் போடும் டெப்லட் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ளதா?

5. பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. நாமும் வியாபாரிகள்தான். நம்மிடம் கேட்பவருக்கும் அதே முறைதான்.

6. பழையதைக் கொடுத்து மாற்றுவதாக இருந்தால், கணக்குகளைப் புதியதில் ஏற்றிச் சரிபார்த்த பின்னர் பழையதை முற்றாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

வாங்கிய பிறகும் ஒரு விடயம் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் இரவு பகலாக மின்சாரத்தில் குத்தியே வைத்தால் பெட்டரி சீக்கிரம் கெடும். வெப்பமும் அதற்கு எதிரி. பல புதிய மாதிரிகளில் 80 வீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். ஊதத் தொடங்கிய பெட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், உடனே பாவனையை நிறுத்துங்கள்.

கடைசியாக, எவ்வளவு புதிய டெப்லட்டாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது கடன் மிச்சங்களை ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் எனது மகன் எழுதி வைக்கிறான். பத்து நிமிட வேலை. அந்தக் கொப்பி எனது கடையில் விற்கும் மிக மலிவான சாமான்களில் ஒன்று. 2019 இல் அது கல்லாவுக்குள் இருந்திருந்தால், ஒரு பழைய நண்பரை நான் இழந்திருக்க மாட்டேன்.