"அது, அது" என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பட்டுத்தறியிலேயே வாழ்ந்தவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது; ஆனால் தண்ணீர் கேட்கவும் "அது, அது" என்றுதான் வாயில் வருகிறது. 'அஃபேசியா' என்றார்கள். முதலில் வந்து பார்த்த தறிக்காரர்கள் இப்போது வருவதில்லை. புத்தி பேதலித்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. இவரைப் போன்றவர்கள் கூடும் இடம் இருக்கிறதா?
– வாசகி, கண்ணமங்கலம்

பதில்: அஃபேசியா புத்தி பேதலிப்பு அல்ல. இதைத் தெருவில் நீங்களே சொல்லுங்கள், தயங்காமல். மூளையில் மொழியை ஆளும் பகுதி அடிபட்டிருக்கிறது. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது, சொல்தான் அகப்படவில்லை. 1861-ல் பாரிஸில் டாக்டர் பால் புரோக்கா பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றார். பிறர் பேச்சு அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது.

பயிற்சிக்கு வேலூர் சாலையிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பாகாயம் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்திலும் விசாரியுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். காத்திருக்கும் பெஞ்சில் இதே குறையோடு யாராவது இருந்தால் போன் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பம் போதும், பேசிக்கொள்ள.

ஆனால் அப்பாவுக்கு இப்போது வேண்டியது அந்தத் தறிக்காரர்கள்தான் என்பேன். பதில் வராத ஆளிடம் என்ன பேசுவது என்ற சங்கடத்தில் ஒதுங்கியிருப்பார்கள். கனடாவின் டொராண்டோவில் கணவருக்குப் பேச்சு போனபின் பேட் அராட்டோ என்பவர் 1979-ல் ஒரு மையம் தொடங்கினார். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்று மற்றவர்களைப் பழக்குவது அதன் முக்கிய வேலையாக வளர்ந்தது. நீங்களும் ஒருவரிலிருந்து தொடங்கலாம். அப்பாவோடு நெருக்கமாக இருந்தவரை வரச்சொல்லுங்கள். டிவியை நிறுத்துங்கள். "ஆமாம், இல்லை" என்று தலையசைத்தே சொல்லக்கூடியதைக் கேட்கட்டும். பதிலுக்குக் காத்திருக்கட்டும், சொல்லை அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்க வேண்டாம். நடுவில் ஒரு சேலையை விரித்து வையுங்கள். பார்டரில் ஒரு பிசிறு இருந்தால் அப்பாவின் விரல் நேராக அங்கே போகும். அதுவும் பேச்சுதான். காலையில் தெருவில் பாவு நீட்டும்போது அழைத்துப் போங்கள். அங்கே கண்ணும் கையும்தானே அதிகம் பேசுகின்றன! பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும், ஒன்று இரண்டு என்று எண்ண வரும். பஜனைக்கும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

நிரந்தர அஃபேசியாவை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஊனமாக ஏற்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: "பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் சொல்வது புரியும். கொஞ்சம் பொறுங்கள்." அதைக் காட்டி டீக்கடையில் அவரே டீ வாங்கிக்கொள்ளட்டும், முதல் இரண்டு நாள் நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.