முளைத்தீவனம்: எது வேர், எது பூசணம்?

கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர்கள்கூட இப்போது மக்காச்சோளத்தையும் கம்பையும் முளைகட்டிப் போடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதுபோல எருவைத் தூவி, இருட்டறையில் மூடி வைத்து வளர்ப்பவர்களையும் பார்த்தேன். முளைப்பாரியை ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுகிறோம். இதையோ கோழி தின்கிறது, அந்தக் கோழியின் முட்டையை நம் பிள்ளைகள் தின்கிறார்கள். எருவில் இருக்கும் சால்மோனெல்லா கிருமிக்கு ஈரமான முளைத்தட்டைவிட நல்ல இடம் கிடையாது. எரு வேண்டவே வேண்டாம்.

முதலில் தானியம். விதைக்கடைப் பாக்கெட்டில் சிவப்பாகவோ ரோஸ் நிறத்திலோ சாயம் ஏறிய விதை வரும். அது பூஞ்சாணக்கொல்லி கலந்தது. எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது. மளிகைக்கடைத் தானியமே போதும். நூறு மணியை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பாருங்கள். எண்பதாவது முளைக்காவிட்டால் அந்த மூட்டையை விட்டுவிடுங்கள். முளைக்காத மணிதான் முதலில் அழுகும்.

சோளத்தை மட்டும் முளைகட்டாதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுவதற்குக் காரணமான சயனைடு நஞ்சு அதன் முளையிலும் உண்டு. மக்காச்சோளம் வேறு பயிர், அதற்கு இந்தப் பயம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கம்பு. மணி சிறியது, சீக்கிரம் முளைக்கும்.

தானியத்தைத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பொக்கையும் உடைசலும் நீக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி பிளீச் திரவம் (5 சதவீதச் சரக்கு, வாசனை சேர்க்காதது) கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிளீச் வாடை போகும்வரை அலசுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மூன்றாம் நாள் பூசணத்தோடு வந்து நிற்கிறார்கள். அதன்பின் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, அடியில் ஓட்டையுள்ள தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அலச வேண்டும். வடிந்த தண்ணீரை மறுபடி ஊற்றக் கூடாது. தட்டின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் கனம் அதிகம், பிரித்துப் போடுங்கள்.

இனி எல்லோரும் தடுமாறும் இடம். போன ஐப்பசியில் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தட்டோடு வந்தார். “தம்பி, வெள்ளையா பஞ்சு மாதிரி பூத்துடுச்சு, கொட்டிடவா?” வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வேரைச் சுற்றியும் சீராக, பால்வெள்ளையாக, பிரஷ் போல மயிர் நின்றது. குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றியதும் அத்தனையும் வேரோடு ஒட்டி மறைந்துவிட்டது. அது வேர்த்தூவி, இரண்டாம் மூன்றாம் நாளில் வரத்தான் செய்யும், கொஞ்சம் காய்ந்ததும் திரும்பவும் தெரியும். அது நல்ல தட்டு.

பூசணம் அப்படி இருக்காது. சிலந்தி வலைபோல ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாவும். வேரில் அல்ல, உடைந்த மணியிலோ முளைக்காத மணியின் தோலிலோ தொடங்கும். தண்ணீர் ஊற்றினால் மறையாமல் நூலாகத் தொங்கும். அடுத்த நாள் சாம்பல், பச்சை, கறுப்பு என்று நிறம் ஏறும். கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் மூக்கை நம்புங்கள். நல்ல தட்டு ஈரப்புல் வாசம் அடிக்கும். கெட்டது புளித்தோ மட்கியோ நாறும். மணியை விரலில் நசுக்கினால் கொழகொழக்கும்.

பூசணம் பிடித்த மூலையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவதும், வெயிலில் காய வைத்துப் போடுவதும், வேக வைத்துப் போடுவதும் தப்பு. கண்ணுக்குத் தெரியாத இழை தட்டு முழுக்க ஓடியிருக்கும். அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு உண்டாகியிருந்தால் அது சமையல் சூட்டில் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தது பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். இந்த நஞ்சை உலகம் அறிந்ததே அப்படித்தான். கோழிக்கு உடனே சாவு வராமல் இருக்கலாம். ஈரல் கெடும், முட்டை குறையும். குஞ்சுகளோ பூசண வித்துக்களைச் சுவாசித்தே வாயைப் பிளந்து மூச்சுவாங்கிச் சாகும்.

மூன்று நான்கு நாள் முளையோடு எடுத்துவிடுங்கள். ஏழெட்டு நாள் விட்டுப் பாய்போல வளர்ப்பது மாட்டுக்குச் சரி. கோழிக்கு நீண்ட நார் தீனிப்பையில் அடைக்கும். மழைக்காலத்தில் நான் மூன்றாம் நாளைத் தாண்ட விடுவதில்லை. ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி போதும், வழக்கமான தீவனத்தைக் குறைக்காதீர்கள். முளையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு மணி நேரத்தில் தின்னாததை வாரிவிடுங்கள். தட்டை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கெட்ட தட்டைக் குப்பைக்குழியில் கொட்டாதீர்கள். கோழி முதலில் போய்க் கிளறுவது அங்கேதான். ஓர் அடி ஆழம் தோண்டிப் புதைத்து மேலே கல்லை வையுங்கள்.