ஊமையான டிரம் பேசியது எப்படி?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றின்மேல் பழி போடுவோரைக் குறித்து நம் பெரியோர் சொன்ன சொல் இது. ஆனால், சில வேளைகளில் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிடுகிறது. அப்பொழுது ஆடியவள்மேல் பழி சொல்வது நியாயமாகுமா? இந்த ஆண்டு எங்கள் பாடகர் குழுவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியை என்னுள் எழுப்பியது.

பெற்றோர் சிலர் சேர்ந்து, கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து பழைய எலக்ட்ரானிக் டிரம் ஒன்றை எங்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தனர். கோடை விடுமுறை முழுவதும் அது பாட்டு அறையின் ஜன்னலோரம் இருந்தது. பள்ளி திறந்து பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே, பாட்டின் நடுவில் ஸ்நேர் பேடு ஊமையாகிவிட்டது. வாசித்தவள் என் வகுப்புத் தோழி. அவள் சற்று ஓங்கி அடிப்பவள். "நீ அடித்த அடியில்தான் உடைந்தது" என்று எல்லாரும் சொன்னோம். உள்ளதைச் சொன்னால், முதலில் சொன்னவள் நான்தான். அவள் ஒன்றும் பேசாமல் குச்சிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பழுது பார்ப்பவரிடம் அனுப்ப எண்ணிய சிஸ்டரிடம் எங்கள் அறிவியல் டீச்சர், "ஓம் விதி படிக்கிற பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும், சிஸ்டர்" என்றார்கள். அப்படிப் பார்த்தபோது நாங்கள் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அடி ஒலியாவது எப்படி?

தோல் முரசில் அடித்தால் தோல் அதிர்ந்து காற்றை அதிரச் செய்கிறது. எலக்ட்ரானிக் டிரம்மில் அப்படியன்று. பேடின் ரப்பருக்கு அடியில் நாணயம் போன்ற மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. அதன்மேல் பீங்கான் போன்ற ஒரு பொருள் பூசப்பட்டிருக்கும். அடி விழுந்ததும் தகடு இம்மியளவு வளைகிறது. வளைந்ததும் சிறிது மின்னழுத்தம் பிறக்கிறது. இதற்கு அழுத்த மின்விளைவு என்று பெயர். 1880-ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்திப் பார்த்து இதைக் கண்டறிந்தனர். ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி அம்மையாரின் கணவரே இந்தப் பியேர்.

இது நமக்குப் புதிதன்று. அடுக்களையில் அம்மா 'டக்'கென்று அமுக்கும் கேஸ் லைட்டரில் பொறி பறப்பதும் இந்த விளைவினால்தான்.

பேடில் பிறந்த மின்னழுத்தம் வயர் வழியாக மாட்யூல் என்னும் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அதை அளந்து, அதற்குரிய ஒலியை எழுப்புகிறது. மெல்ல அடித்தால் மெல்லொலி, ஓங்கி அடித்தால் பேரொலி. இங்கிலாந்தின் சிம்மன்ஸ் கம்பெனி 1981-இல் வெளியிட்ட அறுகோணப் பேடுகள் இவ்வகைக் கருவிக்குப் பெரும் புகழ் தந்தன. நம் ஊர்க் கச்சேரி மேடைகளில் எல்லாருக்கும் தெரிந்த 'ஆக்டோபேட்', ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1985-இல் கொண்டுவந்த எட்டுப் பேடுக் கருவியின் பெயர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று

பேடு, வயர், மாட்யூல், ஸ்பீக்கர் ஆகிய நான்கும் ஒரு சங்கிலி. தொடர் இணைப்பில் ஓரிடம் அறுந்தாலும் மின்னோட்டம் நின்றுவிடும் என்று படித்திருக்கிறோம். இங்கும் அப்படியே. ஆனால் எங்கள் கருவியில் மற்றப் பேடுகள் யாவும் ஒலித்தன. ஆகவே அடாப்டரும் ஸ்பீக்கரும் நலமே. ஐயத்துக்குரியவை மூன்று: ஸ்நேர் பேடு, அதன் வயர், மாட்யூலில் அதன் துளை.

டீச்சர் ஒரே ஒரு விதி வைத்தார்கள். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது."

முதல் சோதனை: ஒலியைக் குறைத்துக்கொண்டு, நன்றாக ஒலிக்கும் டாம் பேடின் வயரை அந்தப் பேடிலிருந்து கழற்றி ஸ்நேர் பேடில் செருகினோம். மறுமுனையைத் தொடவில்லை. ஸ்நேர் பேடில் தட்டியதும் டாம் ஒலி கேட்டது! இதைக் கேட்டு மயங்க வேண்டாம். எந்தப் பேடு அடிபட்டது என்பது மாட்யூலுக்குத் தெரியாது. எந்தத் துளையில் மின்சாரம் வந்தது என்பது மட்டுமே தெரியும். ஆகவே பேடு நலம். அதாவது, என் தோழி அடித்த அடியில் எதுவும் உடையவில்லை.

இரண்டாம் சோதனை: அதே நல்ல வயரின் மறுமுனையை மாட்யூலின் ஸ்நேர் துளைக்கு மாற்றினோம். ஸ்நேர் ஒலி கணீரென்று வந்தது. துளையும் நலம். மிச்சம் இருந்தது பழைய வயர் ஒன்றே.

குற்றவாளி நம் ஊர்க் காற்று

அந்த வயரின் பின்னை வெளிச்சத்தில் பார்த்தோம். மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் பித்தளை கறுத்து, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மாப்பிள்ளையூரணியைச் சுற்றிலும் உப்பளங்கள். சற்றுத் தள்ளிக் கடல். இங்கே வீசும் காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. உப்பு, அதிலும் அதில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உப்புநீர் உலோகத்தை மெல்ல அரிக்கிறது. களிம்பு மின்சாரத்தை எளிதில் விடாது, மின்தடை கூடுகிறது. பேடில் பிறக்கும் சிறு மின்னழுத்தம் அந்தக் களிம்பைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது. நம் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே காற்றுதான் டிரம்மையும் ஊமையாக்கியது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடைத்தோம். நன்றாக உலர்ந்தபின் செருகினோம். ஸ்நேர் பேசியது! தண்ணீரோ எண்ணெயோ இதற்கு ஆகாது.

வேறு சில குறைகள்

பழைய டிரம் வைத்திருப்போருக்காக இன்னும் சில:

1. எதுவுமே ஒலிக்கவில்லையா? முதலில் அடாப்டரைப் பாருங்கள். எத்தனை வோல்ட், நடுமுனை நேரா எதிரா என்பது மாட்யூலின்மேல் குறிக்கப்பட்டிருக்கும். பின் பொருந்துகிறது என்பதற்காக வேறு அடாப்டரைச் செருகினால் மாட்யூலே கெட்டுவிடலாம்.

2. பேடின் நடுப்பகுதி ஒலித்து, விளிம்பு மட்டும் ஒலிக்கவில்லையா? இரண்டும் தனித்தனியே ஒலிக்கும் பேடுக்குப் பெரும்பாலும் ஸ்டீரியோ வயர் வேண்டும். அதன் பின்னில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். ஒரே வளையம் உள்ளது மோனோ வயர்.

3. ஒன்றை அடித்தால் பக்கத்துப் பேடும் ஒலிக்கிறதா? அதிர்வு கம்பி வழியே பரவுகிறது. தளர்ந்த கிளாம்புகளை முடுக்குங்கள். பிறகு மாட்யூலில் அந்தப் பேடின் கூருணர்வைச் சற்றுக் குறையுங்கள்.

4. முந்தைய உரிமையாளர் மாற்றி வைத்த அமைப்புகள் நம்மைக் குழப்பலாம். அவற்றைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதிப்பது நலம்.

5. வயரை மாற்றியும் பேடு பேசவில்லையானால், உள்ளே தகட்டோடு சேர்ந்த ஈயப்பற்று விட்டிருக்கலாம். சால்டரிங் தெரிந்த பெரியவர்களின் உதவியோடு மட்டுமே அதைத் திறக்க வேண்டும்.

இப்பொழுது எங்கள் கருவியின் வயர்களைக் கழற்றி, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைக்கிறோம். மாதம் ஒருமுறை பின்களைத் துடைக்கிறோம்.

முடிவுரை

அன்று மாலை நான் தோழியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவள் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தாள். பிறகு, "அப்போ பேடு உடையலையாட்டி?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளாக அவள் தன் தந்தையிடம் புதுப் பேடு என்ன விலை இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாளாம். அதை அவளுடைய தாயார் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்புத் தோழியரே! ஒரு வயரைக் கழற்றி மாட்டிப் பார்க்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால் ஒருத்தியின் மனம் இரண்டு நாள் வருந்தியிருக்காது. கருவியைச் சோதிக்கும் முன் ஆளைத் தீர்ப்பிடாதிருப்போமாக.

மறுநாள் அவள் வந்தாள். இன்றும் ஓங்கித்தான் அடிக்கிறாள். அதைத் தாங்குவதற்குத்தானே அந்தப் பேடு செய்யப்பட்டிருக்கிறது!

— பத்தாம் வகுப்பு மாணவி